நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

(இரண்டாமாண்டு சிவில் மாணவன்)



நம்மில் பலர் கிராமத்து ஒன்றியப் பள்ளியிலோ மதுரை மாநகராட்சிப் பள்ளியிலோ படித்துவிட்டு வந்தவர்கள்தான். நானும் மேலூர்ப் பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தவன். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. இப்போது தங்கச்சி அதே பள்ளியில் நாலாவது படிக்கிறாள். காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவாள். ஏன்டி என்று கேட்டால், "அங்க பாத்ரூம் போக முடியாதுண்ணே" என்றாள். இந்தக் கட்டுரை அதிலிருந்து ஆரம்பித்ததுதான்.

இந்தியாவில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க எண் ஒன்று உண்டு. அதற்கு யூடைஸ் எண் என்று பெயர். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு ஒன்றியம், அடுத்த மூன்று கிராமம் அல்லது வார்டு, கடைசி இரண்டு பள்ளி. தமிழ்நாட்டுக்கு 33, மதுரைக்கு 24. எனவே நம் மாவட்டப் பள்ளி எண்கள் 3324 என்று தொடங்கும். 1990-களின் நடுவில் டைஸ் என்ற பெயரில் வந்த கணக்கு இது. 2012-13-இல் யூடைஸ் ஆகி, 2018-19-இல் யூடைஸ் பிளஸ் ஆனது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'நோ யுவர் ஸ்கூல்' பக்கத்தில் மாவட்டம், ஒன்றியம், பள்ளி என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பள்ளியின் அட்டை வரும். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறை, கழிப்பறை உண்டா, எல்லாம் அதில் இருக்கும். காசு கிடையாது. செல்போனிலேயே பார்க்கலாம்.

அட்டையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. பக்கத்தில் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 2009-இல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை உண்டு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று அது சொல்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட்டு இடம் இவையும் அதில் உண்டு. ஒரு பள்ளியில் 60 பிள்ளைகள் இருப்பதற்கும் 61 இருப்பதற்கும் நடுவே ஒரு வாத்தியார் இருக்கிறார் பாருங்கள்!

எங்கள் பள்ளியில் ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் வகுப்பு ஐந்து ஆயிற்றே! அட்டவணை பிள்ளைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. ஒரு டீச்சர் ஒன்றியக் கூட்டத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே ஆள் கையில். அதற்கும் கீழே இருக்கிற பள்ளிகளும் உண்டு. 2024-25 கணக்குப்படி நாடு முழுவதும் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஒரு ஆசிரியர்தான்.

இனி கழிப்பறை விஷயம். அட்டையில் பெண்கள் கழிப்பறை உண்டு, உபயோகத்தில் உள்ளது என்றே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய்க் கணக்கு எழுதிவிட்டார்கள் என்று நினைத்து நேரே தலைமையாசிரியரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, படிவம் நிரப்புனப்போ தண்ணி வந்துச்சு. அப்புறம்தான் மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றார். அட்டையில் இருப்பது முடிந்துபோன கல்வியாண்டின் கணக்கு, அதுவும் பள்ளியே நிரப்பிக் கொடுத்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. சர்வே வகுப்பில் நம் சார் சொல்வாரே, ரீடிங் எடுத்த தேதியை ஃபீல்டு புக்கில் எழுதாவிட்டால் அந்த ரீடிங் வீண் என்று! அதே கதைதான். எனவே அட்டையில் முதலில் ஆண்டைப் பாருங்கள். பிறகு நேரில் போய், குழாயைத் திறந்து பார்த்து, தேதி போட்டுத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே காலத்தில் கலக்காதீர்கள்.

பத்திரிகைச் செய்தியும் திறந்த தகவல்தான். 2024 ஜனவரியில் ஆயி பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர், நம் யானைமலைப் பக்கத்துக் கொடிக்குளம் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்குவதற்காக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானமாகக் கொடுத்தார். கொடிக்குளத்தில் இடம் எவ்வளவு பெரிய தடை என்று அந்தச் செய்தியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கலாம். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாள். ஒன்றியப் பள்ளி என்றால் கட்டட மராமத்து பற்றி ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். இது தெரியாமல் நான் முதலில் வேறு ஆபீசுக்கு எழுதி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைகளின் பெயர், போட்டோ, ஆதார் எண், டீச்சர்களின் போன் நம்பர் எதையும் சேகரிக்க வேண்டாம். பள்ளியின் கணக்கு ஊருக்குச் சொந்தம். பிள்ளையின் விவரம் அந்த வீட்டுக்குச் சொந்தம்.

நான் எழுதிய ஒரு பக்கத்தை அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவும் ஒரு உறுப்பினர், ஆனால் அதுவரை கையெழுத்து மட்டுமே போட்டு வந்தவர். அன்று எழுந்து மோட்டார் எரிந்த தேதியைச் சொன்னாராம். பிறகு ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக எழுதினார்கள். நான் இதை எழுதும்போது பைப் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மோட்டார் இன்னும் வரவில்லை. தங்கச்சி இன்னமும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.

உங்கள் பள்ளியின் எண்ணைத் தேடி எடுத்து வாருங்கள். சனிக்கிழமை மதியம் நான் லைப்ரரியில்தான் இருப்பேன், சேர்ந்து பார்க்கலாம்.