உலர் கண்ணும் அழற்சி தணிக்கும் சொட்டு மருந்தும்

கொண்டப்பநாயக்கன்பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

உலர் கண் என்பது கண்ணீர் வற்றுவது மட்டும் அன்று. கண்ணின் மேற்பரப்பில் நடக்கும் அழற்சியும் சேர்ந்ததே அந்த நோய். கருவிழியின் மேல் பரவிய கண்ணீர்ப் படலத்தில் சளிப்பொருள், நீர், ஆவியாதலைத் தடுக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் உண்டு. நீர் குறைவாகச் சுரந்தாலும், இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டாலும், எஞ்சிய கண்ணீரில் உப்புச் செறிவு ஏறுகிறது. அது மேற்பரப்புச் செல்களைத் தாக்க, டி செல்கள் எனும் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. அவை உண்டாக்கும் அழற்சி சுரப்பிகளையும் கெடுப்பதால் கண்ணீர் மேலும் குறைகிறது.

சேலம் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் தூசிக்கு நடுவே அறுந்த இழையைத் தேடுபவரும், கைபேசியில் மூழ்கியிருப்பவரும் கண்ணை இமைப்பது குறைவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இந்நோய் கூடுதலாக வரும். “கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது” என்றுதான் பலரும் மருத்துவரிடம் சொல்வார்கள்.

நோயை அறிய எளிய சோதனைகள் உண்டு. ஷிர்மர் சோதனையில் 35 மில்லிமீட்டர் நீளக் காகிதப் பட்டையின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகுவார்கள். 5 நிமிடத்தில் 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக நனைந்தால் ஐயம். 5-க்கும் குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பு மிகக் குறைவு. இன்னொன்றில் ஃப்ளூரசீன் சாயம் இட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். பச்சையாய் ஒளிரும் படலம் 10 விநாடிக்குள் கரும்புள்ளிகளாகக் கிழிந்தால் அது நிலையற்ற படலம்.

முதல் மருந்து செயற்கைக் கண்ணீர். அது உறுத்தலைக் குறைக்கும். முற்றிய அழற்சிக்குப் போதாது. அழற்சியைச் சில நாளிலேயே அடக்குபவை ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் போன்ற ஸ்டீராய்டு சொட்டுகள். ஆனால் நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். பூஞ்சைப் புண் இருக்கும் கண்ணில் விட்டால் புண் பெருகும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்த 297 பேரில் 139 பேருக்குப் பூஞ்சை மட்டுமே காரணம். வயல்வேலை மிகுந்த ஊர்களில் சிவந்த கண்ணுக்குத் தானாக ஸ்டீராய்டு வாங்கிப் போடுவதன் ஆபத்து இதிலிருந்து விளங்கும்.

நீண்ட நாள் சிகிச்சைக்கு உரியது சைக்ளோஸ்போரின். உறுப்பு மாற்று அறுவையில் பயன்படும் இம்மருந்து மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் 0.05 விழுக்காடு கண் சொட்டுக்கு அமெரிக்க மருந்துத் துறை 2002-இல் ஒப்புதல் தந்தது. இது டி செல்கள் தூண்டப்படுவதைத் தடுக்கிறது. பொதுவாகக் காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு. பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். போட்டதும் எரியும் என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் தொடக்கத்தில் சில வாரம் மட்டும் ஸ்டீராய்டைச் சேர்த்துத் தந்து, பிறகு நிறுத்துவது வழக்கம். 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லிஃபிடெக்ராஸ்ட், டி செல்கள் மேற்பரப்புச் செல்களோடு ஒட்டுவதைத் தடுக்கிறது. அது சிலருக்கு வாயில் கசப்பை உண்டாக்கும்.

போடும் முறையும் முக்கியம். கையைக் கழுவி, கீழிமையைச் சற்று இழுத்து, குப்பியின் நுனி கண்ணில் படாமல் ஒரே சொட்டு விட வேண்டும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் அழுத்தலாம். செயற்கைக் கண்ணீருக்கும் சைக்ளோஸ்போரினுக்கும் இடையே 15 நிமிடம் விட வேண்டும்.

உடனே சுகம் தரும் சொட்டை மெடிக்கலில் தானாக வாங்காதே. மெல்ல வேலை செய்யும் சொட்டை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதே.

அன்புடன்,
அண்ணன்