டெரியர் நாய்க்குட்டியின் வளர்ச்சி

வளையிலுள்ள எலி முதலிய பிராணிகளைப் பிடிப்பதற்கென இங்கிலாந்தில் விருத்தி செய்யப்பட்ட சிறு ஜாதி நாய் டெரியர். தர்மபுரி ஜில்லாவில் கேழ்வரகு, நிலக்கடலைக் களங்களின் காவலுக்கு இதை வளர்க்க விரும்பும் குடியானவர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

குட்டி பிறந்த சுமார் 2 வாரத்தில் கண் திறக்கும். 3-வது வாரம் முதல் பால்பற்கள் முளைக்கும். 8 வாரம் நிறையுமுன் தாயினின்று பிரிக்கலாகாது. பிரித்தால் அச்சமும் கடிக்கும் சுபாவமும் ஏற்படக்கூடும். 4-வது மாதம் முதல் பால்பற்கள் விழுந்து, 7-வது மாதத்திற்குள் நிலைப்பற்கள் அமையும். ஒரு வருஷத்திற்குள் உடல் வளர்ச்சி பெரும்பாலும் நிறைவுறும். புத்தி முதிர மேலும் சில மாதங்கள் செல்லும். அதுவரை கடும் வேலை வாங்கலாகாது.

3-வது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்து, வருஷந்தோறும் அதைத் தவறாமல் புதுப்பித்தல் அவசியம். நோயின் குறிகள் கண்டபின் நாய்க்கும் மனிதருக்கும் பிழைக்க வழியில்லை. குட்டியோடு விளையாடும் நம் குழந்தைகளின் உயிர் இவ்வொரு ஊசியைப் பொறுத்திருக்கின்றது.