தவறுவதும் ஒரு கலை

நுழையும்முன்
தடுக்கி விழுபவரைக் கண்டு சிரிப்பது உலக இயல்பு. ஆனால், பிறரைச் சிரிக்கவைப்பதற்காக விழுபவர் முதலில் விழாமலிருக்கக் கற்றவராதல் வேண்டும். சர்க்கஸ் கோமாளியின் ஒற்றைச்சக்கர வண்டி இதனைத் தெளிவுறுத்துகிறது.

நகையின் பிறப்பிடம்

எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக நகையை வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறுகிறார். பேதைமையாவது அறியாமை. வண்டியில் ஏறத் தெரியாதவர்போல அரங்கினுள் நுழையும் கோமாளி, இப்பேதைமையையே நடிக்கிறார்.

சமநிலை

சாதாரண மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுழலும். ஒற்றைச்சக்கர வண்டியிலோ மிதிகட்டைகள் சக்கரத்தின் அச்சுடன் நேரடியாக இணைந்துள்ளன. கால் நின்றால் சக்கரமும் நிற்கும். கால் பின்னோக்கிச் சுழன்றால் சக்கரமும் பின்செல்லும். உடல் முன்னே சாயும்போது விரைந்து மிதித்துச் சக்கரத்தை உடலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பின்னே சாயும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் அத்திசையிலேயே வண்டியைத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் நிற்பவரும் சக்கரத்தை அரைச்சுற்று முன்னும் பின்னுமாக ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பார். இடையறாத திருத்தமே இங்குச் சமநிலை எனப்படுகிறது.

ஏறுதலும் இறங்குதலும்

தாங்கிப் பிடிப்பாரின்றி ஏறுவதே முதல் தேர்ச்சி. இருக்கையைக் கால்களுக்கிடையே வைத்து, தம் பக்கமுள்ள மிதிகட்டையில் ஒரு காலை ஊன்றினால், சக்கரம் பின்னோக்கி உருண்டு உடலுக்குக் கீழே வரும். அக்கணமே மறுகாலை வைத்து மிதிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் தாவியும் ஏறுவர்.

கோமாளி இவற்றைத் தலைகீழாக்குகிறார். தாவியவர் இருக்கையைக் கடந்து மறுபுறம் போய் நிற்கிறார். பார்வையாளர் ஒருவரை உதவிக்கழைத்து அவர்மீதே ஏற முயல்கிறார். இவ்வாறு தவறும்போதும் அவருடைய கால்கள் தரையில் சரியாக ஊன்றுகின்றன. கை, பின்னால் விழும் இருக்கையைப் பற்றுகிறது. பாதுகாப்பாக இறங்குவது தொடக்கப் பயிற்சியிலேயே கற்பிக்கப்படுவதாகும்.

ஒட்டகச்சிவிங்கி வண்டி

மிதிகட்டையையும் சக்கரத்தையும் சங்கிலியால் இணைத்த உயரமான வண்டிக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர். ஐந்தாறு அடி உயர வண்டிகள் பெருவழக்கு. உள்ளங்கையில் சிறு குச்சியைவிட நீண்ட கம்பை நிறுத்துவது எளிது. நீண்டது மெல்லச் சாய்வதால் திருத்துவதற்கு நேரம் கிடைக்கிறது. உயர்ந்த வண்டிக்கும் இது பொருந்தும். எனினும், விழுந்தால் அடி பெரிது. எனவே, ஏணி சாய்த்து ஏறித் தடுமாறும் கோமாளியின் ஒவ்வோர் அசைவும் பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்டதாகும்.

குழுவாகத் தவறுதல்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உருவான ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் கிங் சார்லஸ் குழு, 1960களின் இறுதியில் ரிங்லிங் சர்க்கஸில் இணைந்து புகழ்பெற்றது. அவர்கள் ஒற்றைச்சக்கர வண்டிகளில் அமர்ந்தே கூடைப்பந்து ஆடினர். நடுவரோடு சண்டையிடுவதும் சறுக்கி விழுவதும் ஆட்டத்தின் பகுதிகளாயின. ஒருவர் உரிய கணத்தில் விழ, பின்வருபவர் மோதாமல் விலகிச் செல்ல வேண்டும். ஒருவர் பிழைபோல் நடிக்க, மற்றவர் பிழையின்றி இயங்க வேண்டியிருந்தது.

நகையும் எள்ளலும்

உண்மையாகவே தடுமாறுபவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் மனம் புண்படும், அது எள்ளல். கோமாளியோ தம்மையே நகைப்பொருளாக்கி, எவரையும் புண்படுத்தாமல் அரங்கைச் சிரிக்கவைக்கிறார். இறுதியில் அவர் இயல்பாக வண்டியோட்டிச் செல்லும்போது, அறியாமை என்று எண்ணிச் சிரித்தவை யாவும் அவரது புலமையே என்பதை உணர்ந்து அவையோர் கைதட்டுகின்றனர்.