தள்ளி வைத்தால் தீருமா கிராஸ்டாக்?

லேண்ட்லைன் காலத்தில் டிரங்க் கால் பேசியவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம். மதுரையில் இருக்கும் மாமாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, முன்பின் தெரியாத ஒருவர் குறுக்கே புகுந்து நெல் விலை பேசுவார். அதே தொல்லை இன்று உள்ளங்கை அகல பிசிபிக்குள் நடக்கிறது. ஒரு டிராக்கில் ஓடும் சிக்னல் பக்கத்து டிராக்கில் இரைச்சலாக ஏறுகிறது; இதுதான் கிராஸ்டாக்.

மத்தளம்பாறையில் ஸோஹோ கால்வைத்த பிறகு தென்காசி என்றாலே சாஃப்ட்வேர் என்றாகிவிட்டது. அதே ஸோஹோவின் ஆதரவில் 'கருவி' என்ற பவர் டூல்ஸ் நிறுவனமும் தென்காசியில் உருவானது. பவர் டூல்ஸ் என்றாலே கிராஸ்டாக்குக்குக் கொண்டாட்டம்தான். பிரஷ்லெஸ் மோட்டார் கொண்ட பல பேட்டரி டிரில்களைத் திறந்தால், ஆம்பியர் கணக்கில் கரண்ட்டைத் தட்டித் தட்டி விடும் மாஸ்ஃபெட்டுகளும், ரோட்டர் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் லைன்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்த லைனில் பொய்யாக ஒரு துடிப்பு ஏறினால் போதும், மோட்டார் உதறும்.

ஜூனில் சாரல் இறங்கிவிட்டால் குற்றாலம் பக்கம் எந்த போர்டு படுத்தாலும் பழி ஈரத்தின் மேல்தான். அதில் பாதி உண்மை. சுத்தம் செய்யாத ஃப்ளக்ஸ் மிச்சத்தில் ஈரம் சேர்ந்தால் இரண்டு டிராக்குகளுக்கு இடையே கரண்ட் கசியும். போர்டை நன்றாகச் சுத்தம் செய்து மேல்பூச்சு அடித்தால் அது நிற்கும். கிராஸ்டாக் அந்த ரகம் இல்லை. ஐந்தருவியில் ஒரு கிளையின் கீழ் நிற்பவர் மேல் பக்கத்துக் கிளை ஓயாமல் தெறித்துக்கொண்டே இருக்கும். கசிவும் அப்படித்தான், வோல்டேஜ் இருக்கும்வரை இருக்கும். கிராஸ்டாக்கோ, பக்கத்து டிராக்கில் வோல்டேஜோ கரண்ட்டோ மாறும் கணத்தில் மட்டும் வருகிறது. மாறும் மின்புலமும் காந்தப்புலமும்தான் அதைக் கடத்துகின்றன. அவற்றுக்கு வார்னிஷ் பூச்சு ஒரு தடையே இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு ஆசிலோஸ்கோப் போதும். ஒரு சேனலை மாஸ்ஃபெட்டின் கேட் லைனில் வைத்து அதையே டிரிகர் ஆக்கிவிட வேண்டும். மற்றதை ஹால் லைனில் வைக்க வேண்டும். மோட்டார் நகராதபோது ஹால் லைன் ஆடாமல் நேர்கோடாக இருப்பதுதான் நியாயம். கேட் ஏறும்போது மேலே ஒரு முள், இறங்கும்போது கீழே ஒரு முள் என்று தெரிந்தால் அது கிராஸ்டாக். கோடு மொத்தமாகச் சற்று இறங்கியோ ஏறியோ நின்றால் கசிவு. புரோபின் நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பிரிங்கைப் போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அந்த வயரே இல்லாத முள்ளையும் காட்டும்.

"நம்ம போர்டு வெறும் 20 கிலோஹெர்ட்ஸ், இதில் என்ன கிராஸ்டாக்?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 50 மைக்ரோசெகண்ட். ஆனால் மாஸ்ஃபெட் ஆன் ஆவதற்கு 50 நானோசெகண்டே போதும். அந்த வேகமான ஏற்றத்துக்குள் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான சமாச்சாரம் அடங்கியிருக்கிறது. பக்கத்து டிராக்குக்கு அதுதான் கணக்கு. கேட்டில் போடும் ரெசிஸ்டரைச் சற்றுக் கூட்டி ஏற்றத்தை மந்தமாக்கினால் முள் சிறுக்கும். மாஸ்ஃபெட் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அதுதான் விலை.

அடுத்தது, டிராக்குகளைத் தள்ளிப் போட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கை. டிராக்கின் அகலத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி விட வேண்டும் என்று ஒரு விதி சுற்றிக்கொண்டே இருக்கிறது. விதி தப்பில்லை, அரைகுறை. டிராக்குக்கு அடியில் கிரவுண்டாக விட்ட செம்புப் பரப்பு, அதாவது கிரவுண்ட் பிளேன், எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதை அது கேட்பதே இல்லை.

சிக்னல் எந்த வழியாகப் போனாலும் அதே கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். அடியில் முழுப் பிளேன் இருந்தால் வேகமான சிக்னலின் திரும்பு கரண்ட் டிராக்குக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு வரும். பிளேன் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குப் புலம் அக்கம்பக்கம் பரவாமல் அடங்கும். ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் 1993-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. டிராக்குகளின் இடைவெளியைப் பிளேனின் ஆழத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிராஸ்டாக் ஏறத்தாழ அதற்குத் தலைகீழாகப் போகும்.

இடைவெளி அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான 1.6 மில்லிமீட்டர் டபுள் லேயர் போர்டில் பிளேன் சுமார் 1.5 மில்லிமீட்டர் கீழே கிடக்கும். சூத்திரத்தில் வருவதைத் தலைகீழாக்கினால் விடை 0.9. ஃபோர் லேயர் போர்டில் அது 0.2 மில்லிமீட்டரில் இருந்தால் விடை 0.14. அந்த 0.14-ஐ டபுள் லேயரிலேயே எட்ட வேண்டுமானால் டிராக்குகளை 3.75 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். டிரில்லின் கைப்பிடிக்குள் அத்தனை இடத்துக்கு எங்கே போவது?

திரும்பும் வழியைக் கிட்டத்திலேயே வைப்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஒற்றைக் கம்பி போட்டு, திரும்பும் வழியைப் பூமியிடம் விட்ட ஆரம்பகாலத் தொலைபேசிகளில் அடுத்தவர் பேச்சு கேட்டது. போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்து முறுக்கும் யோசனைக்கு கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

நடுவில் ஒரு கிரவுண்ட் டிராக்கைக் காவலுக்கு நிறுத்தும் பழக்கமும் உண்டு. பிளேன் இல்லாத ஆடியோ போர்டுகளில் அது நன்றாகவே உதவும். அடியில் பிளேன் இருக்கும்போது கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு, காவலுக்கு இடம் விட்டதில் வந்த இடைவெளியால்தான். எங்கும் இணைக்காமல் தொங்கவிட்ட காவல் டிராக், இந்தப் பக்கத்துச் சத்தத்தை வாங்கி அந்தப் பக்கம் ஒப்படைக்கவும் செய்யும்.

ஃபோர் லேயருக்குக் காசு இல்லை என்றால்? கீழ் லேயரை முழுக்க கிரவுண்டுக்கே விட்டுவிட்டு எல்லா டிராக்கையும் மேலே ஓட்டலாம். குறுக்கே போக வேண்டிய ஒரு டிராக்குக்காகக் கீழ்ப் பிளேனை நீளமாக வெட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. வெட்டின் மேலே கடக்கும் சிக்னல்களின் திரும்பு கரண்ட் எல்லாம் அதே ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று கலந்து வரும். ஹால் லைனுக்கு 10 கிலோஓம் புல்அப் இருக்கும் இடத்தில் 1 கிலோஓம் போட்டு, கண்ட்ரோலர் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கெபாசிட்டரும் வைத்தால் மிச்ச முள்ளும் பெரும்பாலும் அடங்கும். மோட்டாரிலிருந்து வரும் வயர் கட்டில் ஹால் வயர்களை ஃபேஸ் வயர்களோடு சேர்த்துக் கட்டாமல், அவற்றின் கிரவுண்ட் வயரோடு முறுக்கித் தனியாகக் கொண்டுவர வேண்டும்.