சொன்னதை மட்டும் கேட்கும் பார்சர்

"கெட்ஆப்ட் இருக்கும்போது சொந்தமாகப் பார்சர் எழுதுவது வீண் வேலை" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். கட்டளை வரியில் தரும் ஆப்ஷன்களைப் படிக்கும் வேலையைக் கெட்ஆப்ட் லைப்ரரி செய்யும்தான்; ஆனாலும் நான் எழுதினேன். சி மொழியில், பழைய பேக்கப்களை அழிக்கும் ஒரு சிறிய கருவிக்காக. அது இன்றைக்கும் ஓடுகிறது. அதே வேலையை லைப்ரரியை நம்பிச் செய்த முந்தைய கருவி என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

அந்தக் கருவியில் '--கீப்-டேஸ்' என்று ஓர் ஆப்ஷன் இருந்தது. எத்தனை நாள் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று அதில் சொல்ல வேண்டும். எங்கள் சிஸ்டம் அட்மின், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் '--கீப் 30' என்று எழுதியிருந்தார். முழுப்பெயரை அடிக்கவில்லை. ஆனாலும் வேலை செய்தது. க்னூவின் கெட்ஆப்ட்_லாங் ஃபங்ஷன் அப்படித்தான்: நீண்ட ஆப்ஷனின் முதல் சில எழுத்துகளைக் கொடுத்தாலே போதும், அந்த எழுத்துகளில் தொடங்கும் வேறு ஆப்ஷன் இல்லாவிட்டால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் எந்தப் புகாரும் இல்லை.

பிறகு ஒரு வாடிக்கையாளர் நாள் கணக்கு வேண்டாம், பிரதிகளின் எண்ணிக்கை வேண்டும் என்றார். அதற்காக '--கீப்' என்றே ஒரு புது ஆப்ஷன் சேர்த்தோம். ரிவ்யூவில் யாரும் மறுக்கவில்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் முழுப்பெயர் பொருந்தினால் சுருக்கப்பெயருக்கு அங்கே இடமில்லை. கிரானில் இருந்த '--கீப் 30' ஓர் எழுத்துகூட மாறாமல், அன்றிரவு முதல் வேறு அர்த்தம் பெற்றது. முப்பது நாள் என்பது முப்பது பிரதி ஆயிற்று. மின்னஞ்சல் சர்வரின் பேக்கப் மணிக்கு ஒன்று. முப்பது நாளுக்கு 720 பிரதிகள் இருக்க வேண்டிய டைரக்டரியில் 30 மட்டும் மிஞ்சின, அதாவது ஒன்றேகால் நாள். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, லாகில் 'வெற்றி' என்றே பதிவாகியிருந்தது. கணக்குத் தணிக்கைக்காகப் போன வாரத்து மின்னஞ்சல் ஒன்றைத் தேடியபோதுதான் தெரிந்தது.

அதன்பிறகு நடந்த கூட்டம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஆவணத்துல இல்லாத ஆப்ஷனை எதுக்கு எழுதினீங்க?" என்று அந்த சிஸ்டம் அட்மினைக் கேட்டார்கள். பழி அவர் மேல் விழுந்தது. நான் அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். அவர் எழுதியதைப் புரோகிராம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு, சரியான வேலையையும் செய்தது. ஒரு புரோகிராம் ஏற்கும் எந்த வரியையும் சரியான வரி என்றுதான் பயனர் நினைப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்? பார்சர் இளகிக் கொடுக்கும் ஒவ்வோர் இடமும் பயனருக்குக் கொடுக்கும் வாக்கு. அப்படி ஒரு வாக்கு கொடுத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் புது ஆப்ஷன் சேர்த்தவர்கள் நாங்கள்.

இது ஒரு லைப்ரரியின் குணம் மட்டுமல்ல. பைத்தானின் ஆர்க்பார்ஸும் சுருக்கப்பெயரை ஏற்கும்; அதை நிறுத்தும் வசதி 3.5 பதிப்பில்தான் வந்தது, 3.8க்கு முன்புவரை அதை நிறுத்தினால் ஒற்றை எழுத்து ஆப்ஷன்களைச் சேர்த்து எழுதும் வசதியும் கூடவே நின்றது. கிட் தன் சொந்தப் பார்சரை வைத்திருக்கிறது. '--அமென்' என்று அடித்தால் '--அமெண்ட்' என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் பின்னால் அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு ஆப்ஷன் வந்தால் இது நிலைக்காது என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கெட்ஆப்ட்_லாங்கில் இதை நிறுத்த ஒரு சுவிட்ச் கிடையாது. இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனி விதி வேண்டியிருந்தது: டேட்டாபேஸுக்கு 7 நாள், மின்னஞ்சலுக்கு 30 நாள். எஃப்எஃப்எம்பெக்கில் ஓர் ஆப்ஷன் அடுத்து வரும் ஃபைலுக்கு மட்டும் பொருந்துவது போல, எங்களுக்கும் வரிசையே அர்த்தம். க்னூ கெட்ஆப்ட் வழக்கமாக ஆப்ஷன்களை முன்னால் இழுத்து, ஃபைல் பெயர்களைப் பின்னால் தள்ளிவிடும். "ஆப்ஷன் சரத்தின் தொடக்கத்தில் ஒரு ஹைஃபன் போட்டால் வரிசை மாறாதே" என்றார் சீனியர் ஒருவர். உண்மை. அதையும் செய்து பார்த்தேன். வரிசை சரியாயிற்று, சுருக்கப்பெயர் தொல்லை அப்படியே இருந்தது.

எழுதுவது பெரிய வேலையில்லை. ஆப்ஷன் பெயர், ஒற்றை எழுத்து, மதிப்பு வேண்டுமா என்று ஒரு டேபிள். ஆர்க்வியின் 1ஆவது இடத்திலிருந்து ஒரு லூப். இரட்டை ஹைஃபனில் தொடங்கினால் சமக்குறி வரை பெயர். முழுப்பெயரும் பொருந்த வேண்டும், முன்பாதியை மட்டும் ஒப்பிடும் ஃபங்ஷனைத் தொடவே கூடாது. ஒற்றை ஹைஃபன் என்றால் எழுத்து எழுத்தாகப் போக வேண்டும், மதிப்பு கேட்கும் எழுத்து வந்ததும் மீதி முழுவதும் அதன் மதிப்பு. தனி ஹைஃபன் ஆப்ஷன் அல்ல. தனியாக நிற்கும் இரட்டை ஹைஃபனோடு ஆப்ஷன்கள் முடிந்தன. இது போசிக்ஸ் விதி, இதை விட்டுவிடாதீர்கள். காரணம், நட்சத்திரக் குறியை ஃபைல் பெயர்களாக விரித்துக் கொடுப்பது ஷெல். ஹைஃபனில் தொடங்கும் பெயரோடு ஒரு ஃபைல் அந்த டைரக்டரியில் கிடந்தால் அதுவும் ஆப்ஷனாக உங்கள் புரோகிராமுக்குள் வந்துவிடும்.

நேரம் செலவிட வேண்டிய இடம் மதிப்புகள். ஷெல் ஸ்கிரிப்டில் '--லாக் $லாக்ஃபைல் --டிரை-ரன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாறியில் ஒன்றும் இல்லை, மேற்கோள் குறியும் போடவில்லை. ஷெல் அந்த இடத்தையே அழித்துவிடும். கெட்ஆப்ட்_லாங் அடுத்து வருவதை அப்படியே மதிப்பாக எடுத்துக்கொள்ளும். விளைவு, '--டிரை-ரன்' என்ற பெயரில் ஒரு லாக் ஃபைல் உருவாகும், ஒத்திகையாக ஓட வேண்டியது நிஜமாகவே அழிக்கத் தொடங்கும். என் பார்சரில் தனியாக எழுதும் மதிப்பு ஹைஃபனில் தொடங்கக் கூடாது. அப்படி ஒரு மதிப்பு உண்மையிலேயே வேண்டுமென்றால் சமக்குறி போட்டு ஒட்டி எழுத வேண்டும். காலி மதிப்பும் எரர்தான்.

எண்கள் இன்னும் மோசம். ஒற்றை எழுத்து ஆப்ஷனில் '-டி=30' என்று பழக்கதோஷத்தில் எழுதுபவர்கள் உண்டு. கெட்ஆப்ட் சமக்குறியையும் சேர்த்தே மதிப்பாகக் கொடுக்கும். அதை ஏடிஓஐ ஃபங்ஷனிடம் கொடுத்தால் 0 வரும். 0 நாள் வைத்திரு என்றால் எல்லாவற்றையும் அழி என்று பொருள். 30இல் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ விழுந்தால் 3 வரும். ஏடிஓஐ எதையும் தவறு என்று சொல்லாது. எஸ்டிஆர்டிஓஎல் ஃபங்ஷன், எண்ணைப் படிப்பது எங்கே நின்றது என்று சொல்லும். சரத்தின் கடைசிவரை போகவில்லை என்றால் நிறுத்துங்கள், எல்லை மீறியதா என்றும் பாருங்கள்.

எல்லா ஆப்ஷனையும் படித்து முடித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். படித்துக்கொண்டே அழித்தால் ஐந்தாவது ஆப்ஷனில் எரர் வரும்போது முதல் டைரக்டரி போய்விட்டிருக்கும். எந்த டைரக்டரிக்கும் சேராமல் கடைசியில் தொங்கும் ஆப்ஷனும் எரர். எரர் செய்தி ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும், எக்ஸிட் எண் 2 ஆகட்டும், எந்த ஆப்ஷன் என்று பெயர் சொல்லட்டும். நெருங்கிய பெயர் இது என்று காட்டலாம். அதையே எடுத்து ஓட்டிவிடக் கூடாது. பார்சருக்குள் புரோகிராமை முடிக்காமல் விளைவைத் திருப்பிக் கொடுத்தால் டெஸ்ட் எழுதுவது எளிது.

நான் லைப்ரரிகளுக்கு எதிரி அல்ல. கெட்ஆப்ட் வருமுன் யூனிக்ஸில் ஆளுக்கொரு வழக்கம்: டார் ஹைஃபன் இல்லாமலே எழுத்துகளை ஏற்றது, டிடி சமக்குறியில் பேசியது, ஃபைண்ட் ஒற்றை ஹைஃபனில் முழுச் சொற்களை வைத்தது. 1985இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி கெட்ஆப்ட்டின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது பெரிய உதவி. ஒரு ஃபைலைப் படித்துத் திரையில் காட்டும் கருவிக்கு இன்றும் அதையே போடுங்கள். பயனர் கையால் அடிக்கும்போது சுருக்கப்பெயர் அவருக்கு வசதிதான். கிரானில் ஆள் இல்லாத நேரத்தில் ஓடி, திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்யும் கருவிக்கு அந்த வசதி கூடாது. அங்கே சொந்தப் பார்சர் எழுதுவதை வீண் வேலை என்பவர்கள், ஒரு முறையாவது இல்லாத பேக்கப்பைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

பார்சர் எழுதப் போகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே உங்கள் சர்வரில் கிரான்டாபைத் திறந்து ஒவ்வொரு வரியையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் பெயரில் ஓர் ஆப்ஷன் இருந்தால் முழுப்பெயராக மாற்றிவிடுங்கள். அதை எழுதியவரைத் திட்டாதீர்கள்.