பழைய பந்தயப் படகு: பெயரும் எண்ணும் பத்திரம் ஆகாது

அமெரிக்காவில் நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சீறும் பழைய பந்தய ஹைட்ரோபிளேன் படகுகளையும், படகின் பின்புறம் வெளியே பொருத்தும் அவுட்போர்டு மோட்டார்களையும் தேடி வாங்குவோர் பலர். ஆனால் அவற்றை முன்பு யார் யார் வைத்திருந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் நாம் வாய்ப்பேச்சிடமே விட்டுவிடுகிறோம். விற்பவர் சொன்னதை வாங்குபவர் நம்புகிறார். தாம் விற்கும்போது அதையே திருப்பிச் சொல்கிறார். நாலு கை மாறுவதற்குள் ஊகம் வரலாறாகிவிடுகிறது. இப்படி வேரூன்றிய நம்பிக்கைகளில் நான்கைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஒரே பெயர் என்றால் ஒரே படகு.

இல்லை. ஹைட்ரோபிளேன்களின் உச்சப் பிரிவான அன்லிமிடெட் பந்தயங்களில் பெயர் உரிமையாளரையோ விளம்பரதாரரையோ சேர்ந்தது. முதல் ‘மிஸ் திரிஃப்ட்வே’ 1957-இல் மேடிசன் நகரில் ஓடும்போதே சிதறியது. இரண்டாவது 1958-இல் சியாட்டிலில் கடலோரக் காவல் படகில் மோதி மூழ்கியது. மூன்றாவது, ‘மிஸ் செஞ்சுரி 21’ என்று பெயர் மாறி 1961, 1962 ஆண்டுகளில் அப்பிரிவின் முதன்மைக் கோப்பையான கோல்டு கப்பை வென்றது. 1971-இல் அதே கோப்பையைச் சொந்த ஊரில் வென்ற ‘மிஸ் மேடிசன்’, 1960-இல் ‘நைட்ரஜன் டூ’ என்ற பெயரில் கட்டப்பட்ட படகு. செய்தித்தாள்கள் பெயரைத்தான் தலைப்பில் போட்டன; ஆகவே பெயரே நம் நினைவில் நின்றது. கட்டியவர் யார், எந்த ஆண்டு என்பதிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை 2: படகில் எழுதியுள்ள எண் அதன் நிரந்தர அடையாளம்.

அது பந்தயத்துக்கான எண், அவ்வளவே. அன்லிமிடெட் பந்தயத்தில் ‘யு-1’ முந்தைய ஆண்டின் சாம்பியனுக்கு உரியது. அவுட்போர்டு பந்தயத்தில் எண் ஓட்டுநருடையது. அவர் படகை விற்றால் எண் கூடவே போகாது. வாங்கியவர் தம் எண்ணை அதன் மேலேயே எழுதுவார். எனவே பெயின்ட் அடுக்குகளுக்கு அடியில் மங்கித் தெரியும் பழைய எண்கள்தாம் முன்பு வைத்திருந்தவர்களுக்கு உண்மையான சாட்சி. புதுப்பிக்கும் ஆர்வத்தில் நாம் முதல் நாளே உப்புத்தாள் போட்டு மரம் தெரியத் தேய்த்துவிடுகிறோம். ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்த பிறகுதான் அதில் கைவைக்க வேண்டும்.

நம்பிக்கை 3: சீரியல் எண்ணைக் கொடுத்தால் பழைய உரிமையாளர் பட்டியலே கிடைத்துவிடும்.

கார் வாங்கிப் பழகிய மனம் இப்படி எதிர்பார்க்கிறது. அமெரிக்கப் படகுகளுக்கு ஒரே முறையிலான அடையாள எண் கட்டாயமானது 1972 நவம்பரில்தான். மோட்டாரின் சீரியல் எண் பெரும்பாலும் மாடலையும் தயாரிப்புக் காலத்தையும் சொல்லும், வாங்கியவரைச் சொல்லாது. பந்தயக்காரர்கள் ஒரு மோட்டாரின் எஞ்சினை இன்னொன்றின் கியர் பகுதியில் பொருத்துவதும் சகஜம். ஆகவே சீரியல் எண் பொறித்த தகடு ஒரு பாகத்துக்குத்தான் சாட்சி, முழு மோட்டாருக்கும் அல்ல. தயாரித்த நிறுவனத்தைக் கேட்கலாம் என்றால், ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைத் தயாரித்த அவுட்போர்டு மரீன் கார்ப்பரேஷன் 2000-இலேயே திவாலாகிவிட்டது.

நம்பிக்கை 4: பணமும் உழைப்பும் போட்டுப் புதுப்பித்தவருக்கே படகு சொந்தம்.

உழைப்புக்கு மதிப்பு உண்டு. அது தானாக உரிமையாகிவிடாது. பிரிட்டனில், நீரில் வேக சாதனைகள் படைத்த டொனால்டு கேம்பெல்லின் ‘புளூபேர்டு கே7’ 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில் விபத்துக்குள்ளானதில் அவர் உயிரிழந்தார். 2001-இல் மீட்கப்பட்ட படகை 2006-இல் குடும்பத்தார் கோனிஸ்டனில் உள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். புதுப்பித்த தரப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே உரிமைச் சச்சரவு எழுந்து நீண்டது. படகு கோனிஸ்டன் திரும்பியது 2024-இல்தான். தொடக்கத்திலேயே எழுத்தில் உடன்பாடு இல்லாவிட்டால் இப்படித்தான் ஆண்டுகள் வீணாகும்.

இந்தப் பிழைகளால் வாங்குபவர் பணம் இழக்கிறார் என்பது சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு: பெயர் பெற்ற படகு என்று தவறான ஒன்றைக் கொண்டாடும்போது, உண்மையான படகு பெயர் தெரியாத பழைய மரமாக விறகுக்குப் போகலாம். அதைக் கட்டிய தச்சரின் கைவேலையும் அதோடு அழியும். எனவே இன்றைய உரிமையாளரிடம் தொடங்கிப் பின்னோக்கிப் போவோம். விற்பனைச் சீட்டு, தேதியுள்ள புகைப்படம், பந்தய நிகழ்ச்சி நிரல் என ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆதாரம் கேட்போம். ஆதாரம் அறுந்த இடத்தில், ‘இதற்கு முன் தெரியவில்லை’ என்றே எழுதிவைப்போம். அடுத்துத் தேடுபவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த நேர்மையான வெற்றிடமே காட்டும். பொய்க்கதையோ தேடலையே நிறுத்திவிடும்.