எந்த வாக்குறுதியைத் தருகிறாய்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் ஃபங்ஷனுக்கு மேலே ‘பியூர்’ என்று குறிப்பு எழுதியிருந்தாய். உள்ளே லாக் ஃபைலில் எழுதும் வரி ஒன்று இருந்தது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருகிறதே என்று எண்ணியிருப்பாய். அந்தக் குணத்துக்கு டிட்டர்மினிஸ்டிக் என்று பெயர். பியூர் என்று சொல்ல அது மட்டும் போதாது. விடை தருவதைத் தவிர வெளியே எதையும் மாற்றவும் கூடாது; லாக் ஃபைலில் எழுதுவதும் அப்படியொரு மாற்றம்தான்.

ஐடம்பொட்டன்ட் என்பதை இவற்றோடு குழப்பிக்கொள்ளாதே. ஹெச்டிடிபியின் டெலீட் கோரிக்கை சர்வரில் இருப்பதை அழிக்கிறது; பியூராக இருக்கவே முடியாது. இரண்டாம் முறை அனுப்பினால் 404 வரலாம், ஆக பதிலும் மாறுகிறது. ஆனாலும் அது ஐடம்பொட்டன்ட்தான்: எத்தனை முறை அனுப்பினாலும் சர்வரில் மிஞ்சும் நிலை ஒன்றே. இணைப்பு அறுந்தால் அச்சமின்றி மறுபடி அனுப்பலாம்.

ஒரே சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறவும் செய்யும். ஜிசிசி கம்பைலரில் ‘பியூர்’ என்று குறித்த ஃபங்ஷன் குளோபல் மாறியைப் படிக்கலாம். ‘கான்ஸ்ட்’ என்று குறித்தது அதையும் செய்யக்கூடாது.

நீ தினமும் புழங்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான் இதற்கு மிக நல்ல பாடம் இருக்கிறது. அங்கே ஃபங்ஷனுக்கு மூன்று அடையாளங்கள். இம்யூட்டபிள்: அதே உள்ளீட்டுக்கு என்றைக்கும் ஒரே விடை. ஸ்டேபிள்: ஒரு குவெரி ஓடி முடியும்வரை ஒரே விடை. வாலடைல்: எதற்கும் உத்தரவாதம் இல்லை, நீ ஒன்றும் சொல்லாவிட்டால் இதுதான்.

பிறந்த தேதியைக் கொடுத்தால் இன்றைய வயதைச் சொல்லும் ஃபங்ஷனை எடுத்துக்கொள். இன்றைய தேதியைப் பார்ப்பதால் அது ஸ்டேபிள். அதன் மேல் இன்டெக்ஸ் போட முயன்றால், இம்யூட்டபிளாக இருக்க வேண்டும் என்று பிழைச்செய்தி வரும். பலர் உடனே அடையாளத்தை மாற்றிவிடுகிறார்கள். செய்தி மறைந்துவிடும், போஸ்ட்கிரெஸ் உன் சொல்லை நம்பி இன்டெக்ஸைக் கட்டிவிடும். அதில் பதிவாவது அன்றைய வயது. ஆறு மாதம் கழித்து 18 நிரம்பியவர்களைத் தேடினால், இடையில் 18 ஆனவர்கள் வரமாட்டார்கள். எந்த எச்சரிக்கையும் இருக்காது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான்: பிழையால் நின்றுபோகும் நிரலை யாரோ சரிசெய்துவிடுவார்கள், தவறான பட்டியலை யாரும் சந்தேகிப்பதில்லை.

நேரமண்டலத்தைச் சார்ந்து தேதி கணக்கிடும் ஃபங்ஷன்களுக்கும் இதே கதி. அடையாளத்தை மாற்றாதே. பிறந்த தேதியின் மேலேயே இன்டெக்ஸ் போடு. 18 ஆண்டுக்கு முந்தைய தேதியைக் குவெரியில் கணக்கிட்டு அதோடு ஒப்பிடு.

அன்புடன்,
உன் அண்ணன்